பைனாகுலரைத் தராத சம்பந்தி

நவம்பர் 6

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். உண்மையில் நான் அறிய ஆவலாக இருப்பது வேறு. செவ்வாய்க்கிழமை அந்த ஏரிக்கரையில் நான் அப்படி என்ன செய்துவிட்டேன்?

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் "சொல்லுங்க" என்பீர்கள். நான் அரை மணி நேரம் பேசுவேன். கடைசியில் "சரிங்க, வச்சிடட்டுமா" என்பீர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நம் உறவு இப்படித்தான் ஓடுகிறது. கடிதமென்றால் பதிலுக்கு நாலு வரியாவது நீங்கள் எழுதித்தானே ஆக வேண்டும். அதனால்தான் சலவைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எங்காவது கலங்கியிருந்தால் அது இஸ்திரி ஆவி. நான் அழுததாக நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பிள்ளைகளோடு ஒரு வாரம் இருப்பதற்காக ரயிலேறி வந்தீர்கள். செவ்வாயன்று இருவரும் வேலைக்குப் போனபின், உங்கள் புது மூக்குக் கண்ணாடியை வாங்க நாம் இருவரும் கிளம்பினோம். கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு பஸ் வந்தது, காலியாக. நெற்றியில் 'சதுப்பு நிலப் பறவைகள் சரணாலயம்' என்று போட்டிருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், அந்தப் பஸ்ஸில் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை.

"போலாமா?" என்றேன்.

"பறவை பார்க்கவா? நமக்கு அதப் பத்தி என்னங்க தெரியும்?"

"அதுங்களுக்கு மட்டும் நம்மளத் தெரியுமா? ஜன்னலோரமா இடம் இருக்கு, ஏறுங்க."

ஏறினோம். பறவைமேல் ஆசைப்பட்டு இல்லை, உட்காரும் ஆசையில்.

வாசலில் டிக்கெட் கொடுத்தவர், சத்தம் போடக் கூடாது, தீனி போடக் கூடாது, பளிச்சென்ற நிறத்தில் உடுப்பு கூடாது என்றார். நான் அன்றைக்குப் பார்த்து ஆரஞ்சு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு பழைய மழைக்கோட்டை எடுத்துவந்து போர்த்திக்கொள்ளச் சொன்னார். அந்தக் கோட்டுக்குள் ஏற்கெனவே யாரோ குடியிருந்திருக்கிறார்கள், தொழில்முறையில் சொல்கிறேன்.

வாடகைக்கு ஒரே ஒரு பைனாகுலர்தான் இருந்தது. தண்ணீரோரமாகப் பலகையடித்த மரக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்தோம். மற்ற இடங்களில் பறவை கூண்டுக்குள் இருக்கும், நாம் வெளியே இருப்போம். இங்கே மாற்றி. முதலில் நான் பார்த்தேன். ஒரு கொக்கு நின்றது. நானும் பார்த்தேன், அதுவும் நின்றது. "பாருங்க, உங்க மாதிரியே அசையாம நிக்குது" என்று சொல்லிப் பைனாகுலரை உங்கள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். அது திரும்பி என் கைக்கு வரவே இல்லை.

கேட்டேன். "இருங்க" என்றீர்கள். மறுபடி கேட்டேன். காதிலேயே விழவில்லை. லேசாக இழுத்துக்கூடப் பார்த்தேன், நீங்கள் விடவில்லை. பிறகு, "கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றீர்கள். என்னை அப்படிச் சொல்ல ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. மருந்தகத்தில் ஆள் இல்லை, அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று அன்று சாயங்கால ரயிலுக்கே புறப்பட்டுவிட்டீர்கள். கொக்கோடு ஒப்பிட்டது குற்றமா? கோட்டு நாற்றமா? நீங்கள் என் அக்கா என்று டிக்கெட்காரரிடம் சொன்னேனே, அதுவா? வயதில் நான்தான் மூத்தவள் என்பது எனக்கும் தெரியும்.

என் பெண்ணுக்கு ஏமாற்றம். பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி தருகிற படிப்பில் இடம் கிடைத்த விஷயம் உங்களுக்குப் போனிலேயே தெரியும். மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வேலையை ராஜினாமா செய்யப் போகிறாள். அதற்கு முன் உங்களிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள நினைத்திருந்தாள். நீங்கள்தான் பறந்துவிட்டீர்களே.

பதில் எழுதவும்.

தங்கள் சம்பந்தி


நவம்பர் 10

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாங்கள் தவறாக ஒன்றும் செய்யவில்லை. பைனாகுலரைத் தராதது என் தவறு. மருந்தகத்தில் ஆள் இல்லை என்று சொன்னதும் சரியில்லை, ஆள் இருந்தார்கள்.

ஒரு வேண்டுகோள். ராஜினாமாவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும்படி மருமகளிடம் சொல்லுங்கள். காரணத்தை இப்போது எழுத இயலவில்லை. நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.


நவம்பர் 13

சம்பந்தியம்மாவுக்கு,

'மதிப்பிற்குரிய' என்பதை இந்தத் தடவை விட்டுவிட்டேன். கவனித்திருப்பீர்கள். மாத்திரை எண்ணுகிற கண் அல்லவா.

உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உறையை உதறிப் பார்த்தேன். ஆறேழு வரி. அதில் ஒன்று என் பெண்ணின் படிப்பை நிறுத்தச் சொல்கிற வரி. அதையும் நானே செய்ய வேண்டும், உங்கள் பெயர் வரக் கூடாது. கொக்குத் தலையில் வெண்ணெய் வைப்பதற்கு என்னை அனுப்புகிறீர்களாக்கும்.

என் பெண் எத்தனையோ வருடமாக இருட்டறையில் நின்று "மூச்சை இழுங்க, அசையாதீங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளில் அவள் பேசுவது அந்த நாலு வார்த்தைதான். அதே ஆஸ்பத்திரியில் பேச்சு வராத குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிற அறை ஒன்று இருக்கிறது. மதியம் அங்கே போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவாள். எங்கள் வம்சத்தில் பேச்சு வரவில்லை என்று யாரும் பிறந்ததில்லை, அந்தக் கடனை யாருக்காவது திருப்பித் தரட்டுமே என்று நான்தான் விண்ணப்பம் போடச் சொன்னேன். அவள் வீட்டுக்காரரே, "நீ படி, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கே இல்லாத தடை அவருடைய அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது?

நீங்கள் அந்த மாதிரி மாமியார் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் போய்த் திருத்திச் சொல்ல எனக்கு நேரமில்லை. வருகிற வார ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அதற்குள் காரணம் வந்தாக வேண்டும். வராவிட்டால், "உன் மாமியாருக்கு நீ படிப்பது பிடிக்கவில்லையாம்" என்று சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறிவிடுவேன். என்னைத் தெரியும் உங்களுக்கு.

சம்பந்தி


நவம்பர் 16

சம்பந்தியம்மாவுக்கு,

தங்களைத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுதாவிட்டால் தவறாகிவிடும்.

தாங்கள் கொக்கைக் காட்டிப் பைனாகுலரைக் கொடுத்தீர்கள். நான் கொக்கைத் தேடினேன். எதிர்க்கரையில் ஒரு பெஞ்சு தெரிந்தது. பெஞ்சில் என் பையன் உட்கார்ந்திருந்தான்.

முதலில் அவன் ஜாடையில் வேறு யாரோ என்று நினைத்தேன். நான் போட்டிருந்தது பழைய கண்ணாடி. பிறகு அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். மூடியைத் தலைகீழாகப் போட்டு, வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் வைத்தான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான், அடித்தும் திருந்தவில்லை. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. சாப்பிட்டு முடித்து டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. அன்று காலை என்னிடம், "ஆடிட் நடக்குதும்மா, வர லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனவன்.

தாங்கள் கேட்டபோதெல்லாம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் தாங்கள் பார்ப்பீர்கள். தாங்கள் பார்த்தால், பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் கண்டக்டருக்கும் தெரிந்திருக்கும். குற்றமாகச் சொல்லவில்லை, சுபாவத்தைச் சொல்கிறேன்.

மறுநாள் அவனுடைய ஆபீஸுக்குப் போன் செய்தேன். அவன் இருந்த பிரிவை ஆகஸ்டிலேயே மூடிவிட்டார்களாம்.

அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால், "நல்லா இருக்கேம்மா" என்பான். அவன் அப்பா போனபின், அவனுக்குக் காய்ச்சல் வந்தது என்பதே குணமான பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த மாதிரிப் பிள்ளை.

விஷயம் இதுதான். மருமகள் காதுக்கு இது அவன் வாயால் போக வேண்டும். மாமியார் மூலமோ அம்மா மூலமோ போனால், வேலை போனது போதாதென்று வீட்டிலும் அவனுக்கு இருக்கிற இடம் போய்விடும். ஆனால் தெரியாமலே அவள் முப்பதாம் தேதி ராஜினாமா கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. முப்பதுக்குள் அவனாகச் சொல்லிவிடுவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அதுவரை தாங்கள் சொல்லாமல் இருக்க வேண்டும்.

தங்களால் முடியுமா என்று நேராகவே கேட்கிறேன்.


நவம்பர் 22, ஞாயிறு

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. ஆனாலும் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் வெட்கப்பட்டேன். வாரா வாரம் மாப்பிள்ளையின் ஆபீஸ் உடுப்பு என் கடைக்குத்தான் வருகிறது. இரண்டு மாதமாகவே பேண்ட் விளிம்பில் சேறு. ஒரு தடவை நாணல் பூ ஒட்டிக்கொண்டு வந்தது. ஊரில் எவர் சட்டையைப் பார்த்தும் அவர் எங்கே போனார், யாரோடு சாப்பிட்டார் என்று சொல்லிவிடுகிற நான், கணக்கு எழுதுகிறவர் காலில் சேறு எப்படி வந்தது என்று கேட்காமல், "ஆபீஸ் வாசலில் ரோடு போடுகிறார்கள் போல" என்று நானே ஒரு ரோடு போட்டுக்கொண்டேன். சொந்த வீட்டு அழுக்கு கண்ணுக்குத் தெரியாது என்பது தொழிலில் இருந்தும் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய உடற்பயிற்சி என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பிறவியிலேயே பழகியவர். இதை மட்டும் சொல்லாமல் மற்றதைப் பேசலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. வானிலை என்றால் மழை, மழை என்றால் ஏரி, ஏரி என்றால் பெஞ்சு. கடைசியில் மொத்தமாகவே வாயை மூடிவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் சில்லறை வாங்கிக்கொண்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் நேற்று செய்தித்தாளை இறக்கி, "என்ன, டிவி ரிப்பேரா?" என்றார். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்று சாப்பிட வந்தார்கள். என் பெண் புத்தகக் கடையில் வாங்கிய தலையணை கனத்துப் புத்தகத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். நாக்கு எத்தனை தசையால் ஆனது என்று படம் போட்டிருக்கிறது. எனக்கு அதில் இன்னும் இரண்டு கூட இருக்கும். மாப்பிள்ளை அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல பேப்பர்" என்றார். பிறகு என்னிடம், "ஆபீஸ்ல கொஞ்சம் டென்ஷன் அத்தை, அதான் சரியா சாப்பிட முடியல" என்றார். நான் குழம்புக் கரண்டியைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சம்பந்தி, அவர் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. முப்பதாம் தேதியும் இதே முகத்தோடு டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அதனால் நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு அந்தக் காலி பஸ்ஸில் ஏறப் போகிறேன். எதுவும் கேட்க மாட்டேன், எதுவும் சொல்ல மாட்டேன். பறவை பார்க்க வந்ததாகச் சொல்லிப் பக்கத்தில் உட்காருவேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் மனுஷனுக்கு வாய் தன்னால் திறக்கும். எனக்குத் திறக்கும், அவருக்கும் திறக்காதா?

தங்கள் சம்பந்தி


நவம்பர் 24

சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள். போகாதீர்கள். இந்தக் கடிதம் வந்து சேரும்போது போய் வந்திருப்பீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஒருவேளை போகாமல் இருந்தால், போகாதீர்கள்.


நவம்பர் 25

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

போய் வந்துவிட்டேன். போனை அணைத்தது சரணாலயத்தின் விதி, உங்களுக்குப் பயந்து இல்லை.

இந்தத் தடவை சாம்பல் நிறத்தில் உடுத்திப் போனேன். டிக்கெட்காரர் அடையாளம் தெரியாமல் புது விதிகளெல்லாம் சொன்னார். கரையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். மாப்பிள்ளை அதே பெஞ்சில். என்னைப் பார்த்ததும் டப்பாவோடு எழுந்து நின்றுவிட்டார்.

"அத்தை, நீங்க எங்க இங்க?"

என்ன பேசுவது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அத்தனையும் மறந்து, "சும்மா பறவை பார்க்கத்தான் மாப்பிள்ளை. போன தடவை வந்தப்ப உங்கம்மா பைனாகுலரைத் தரவே மாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

ஆமாம், சம்பந்தி. எதுவும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள், வாயைத் திறந்த முதல் வரியிலேயே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தக் கரையில் அன்று கத்தாமல் இருந்தது நுணல் மட்டும்தான்.

அவர் கெட்டிக்காரர். "அம்மா இங்க வந்தாங்களா?" என்றார். நான் ஏரியைப் பார்த்தேன். "எங்க உட்கார்ந்திருந்தீங்க?" மரக்கூண்டைக் கையால் காட்டினேன். அவர் கூண்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பையில் போட்டார்.

நானும் டப்பாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். தண்ணீரில் குட்டியாக ஒன்று மிதந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கியது. "செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"முக்குளிப்பான் அத்தை. இங்க முங்கி அந்த நாணல் பக்கம் எழுந்திரிக்கும். பாருங்க."

எழுந்தது. அவருக்கு அந்த ஏரியில் ஒவ்வொன்றும் தெரிகிறது. வேறு வேலை இல்லாதவருக்கு அதுதானே வேலை. சாம்பல் நாரை எந்த மரத்திலிருந்து வரும், நீர்க்காகம் எந்தக் கம்பத்தில் இறக்கை காயவைக்கும், எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், அதே குரலில், நிறுத்தாமல், "வேலை போன அன்னைக்கே சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன் அத்தை. கதவைத் திறந்தா அவ கையில கேக்கோட நிக்கிறா. அன்னைக்குத்தான் சீட் கிடைச்ச கடிதம் வந்திருந்துச்சு. சாப்பிட்டு முடிச்சிட்டு சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் நாளைக்குச் சொல்லலாம்னு. அப்புறம் இன்னொரு வேலை கிடைச்ச பிறகு ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடலாம்னு" என்றார்.

எத்தனை இடத்துக்கு மனு போட்டார், எங்கெங்கே கூப்பிட்டு உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சொன்னார். நான் நடுவில் பேசவே இல்லை. கடைசியில்தான், "மாப்பிள்ளை, அவ திங்கக்கிழமை லெட்டர் குடுத்துடுவா" என்றேன்.

"தெரியும் அத்தை."

"நான் உங்களை இங்க பார்க்கல. நான் பார்த்தது அந்த முக்கு... முங்குற பறவையை மட்டும்தான்."

சிரித்தார். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். டப்பாவில் மீதி இருந்ததை எனக்குக் கொடுத்தார். வெங்காயம் இல்லாத சாப்பாடு, உப்பும் இல்லை. என் பெண்ணுக்குச் சமையல் வராது, மன்னிக்கவும்.

தங்கள் சம்பந்தி


நவம்பர் 28

சம்பந்தியம்மாவுக்கு,

சொல்லிவிட்டார். அந்த மட்டில் நல்லது.

ஆனால் உங்கள் பையன் ஒன்றை மறைத்தால் மாதக்கணக்கில் மறைக்கிறார், சொன்னால் ஒரு புள்ளி விடாமல் சொல்கிறார். அளவாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அத்தை ஏரிக்கு வந்தது, அம்மா முன்னாலேயே பார்த்தது, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என் பெண் அவரைத் திட்டவில்லையாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எனக்குப் போன் செய்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கொஞ்ச நாளாத் தெரியும்."

"தெருவுல யார் வீட்டு நாய் குட்டி போட்டாலும் எனக்கு போன் பண்ணிச் சொல்லுவ. எக்ஸ்ரே ரூமுக்குள்ள இருந்தாலும் சொல்லுவ. என் வீட்டுக்காரருக்கு வேலை போனதைச் சொல்ல உனக்கு வாய் வரல. ஞாயித்துக்கிழமை குழம்பு ஊத்தினியே, அப்பவும் தெரியுமா?"

தெரியும் என்றேன். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையை மன்னித்தாயிற்று. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் என் தலையில்.

பிறந்ததிலிருந்து வாயைத் திறந்ததற்காகத்தான் திட்டு வாங்கியிருக்கிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மூடி வைத்தேன். அதற்கு வாங்குகிற திட்டு மற்றதையெல்லாம் சேர்த்தாலும் வராது போலிருக்கிறது. ராஜினாமா கொடுக்கிறாளா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்பதற்கு எனக்கு இப்போது ஆள் இல்லை.

வேடிக்கையாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.

சம்பந்தி


டிசம்பர் 2

அன்புள்ள சம்பந்திக்கு,

நேற்று உங்கள் ஊருக்கு வந்து அன்றே திரும்பினேன். கடைக்கு வரவில்லை, நேரமில்லை. போன இடம் ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தேன். வேறு வழியில் உள்ளே போவது முறையில்லை. மருமகள் அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்து என்னைப் பார்த்து, "அத்தை, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். எனக்கு ஒன்றுமில்லை, அம்மாவைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். கை உடைந்த ஒருவர் எனக்கு முன்னால் இருந்தார். அவர் முடிந்தபின் உள்ளே கூப்பிட்டாள்.

அம்மா சொல்லாமல் இருந்தது நான் கேட்டுக்கொண்டதால்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "எங்கம்மா யார் கேட்டுக்கிட்டு எதைச் சொல்லாம இருந்திருக்காங்க?" என்றாள். "இந்தத் தடவை இருந்தாங்க. எனக்காக இல்ல. அவன் உன் முன்னால தலை குனியக் கூடாதுன்னு" என்றேன். எக்ஸ்ரே தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா சொல்லியிருந்தா அவங்ககிட்டயே கத்தித் தீர்த்திருப்பேன் அத்தை. அம்மாகிட்ட கத்தினா ஒண்ணும் ஆகாது. இப்ப அவர்கிட்ட கத்த முடியல. முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கு. எனக்குக் கத்தவே ஆள் இல்ல."

"அப்ப அம்மாகிட்ட போய்க் கத்து. அவங்க கடையிலதான் இருப்பாங்க" என்றேன்.

ராஜினாமாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அது நான் கேட்க வேண்டியதில்லை.

வெளியே நல்ல மழை. உங்கள் காலி பஸ் ஒன்று போனது. ஏறலாமா என்று நினைத்தேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது.


டிசம்பர் 5

அன்புள்ள சம்பந்திக்கு,

வந்தாள். கத்தினாள். நேற்று மதியம், கடையில் ஆள் நிற்கும்போதே. கோட்டு வாங்க வந்த வக்கீல், நடுவில் பேசப் போய் அவரும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். அவளுடைய எட்டு வயதில் நான் அவளைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வந்ததிலிருந்து ஆரம்பித்து, குழம்பு வரைக்கும் வந்து நிறுத்தினாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். என் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டாள். இன்னும் இரண்டு நாளாவது கத்துவாள் என்று நினைத்தேன். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படியுங்கள்.

விஷயத்தைச் சொன்ன அன்றே உங்கள் பையன் ரோஷமாக, "நீ ராஜினாமா குடு. எனக்கு ஒரு மாசத்துல வேலை கிடைச்சிடும். என்னால உன் படிப்பு நின்னுச்சுன்னா நான் மனுஷனே இல்ல" என்றிருக்கிறார். இவள் சரி என்றாள். திங்கட்கிழமை சாயங்காலம் கொடுத்துவிட்டதாகவும் சொல்லிவிட்டாள்.

கொடுக்கவில்லை, சம்பந்தி. கல்லூரியில் பேசி, இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். கொடுத்தாலும் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுத்தானே வர வேண்டும், அதனால் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவது அவருக்கு வித்தியாசமாகத் தெரியாது. அவர் வேலை இல்லாமலே வேலைக்குப் போனார். இவள் வேலையை விடாமலே விட்டுவிட்டதாகக் காட்டிக்கொண்டு போகிறாள். ஜாடிக்கேற்ற மூடி என்று நாம் ஜாதகம் பார்க்காமலே சேர்த்துவைத்திருக்கிறோம்.

"ஏண்டி, உனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?" என்றேன்.

"பதினாலாம் தேதி அவருக்கு இன்டர்வ்யூ இருக்கும்மா. நான் படிப்பைத் தள்ளிப்போட்டது தெரிஞ்சா அந்த யோசனையிலேயே போய் உட்கார்ந்து சொதப்பிடுவாரு. வேலை கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, அன்னைக்கு சாயங்காலம் நானே சொல்லிடுவேன்."

"படிப்பு?"

"ஒரு வருஷம் தானே. பேச்சு வராத பசங்க அடுத்த வருஷமும் இருப்பாங்க."

கொஞ்சம் குரல் இறங்கித்தான் சொன்னாள். ஆனால் அழவில்லை. எழுந்து போகும்போது, "முதல்ல உன்கிட்டதான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். இத்தனை வயதில் என் பெண் என்னை நம்பி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், பின்னே என்னிடம் மட்டும் எப்படி என்று. அரை நாள் யோசித்தேன். உங்கள் பையன் விஷயத்தை நான் வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தேன். என் பெண் விஷயத்தை நீங்கள் கொஞ்சம் சுமந்தால் கணக்கு நேராகும். தவிரவும், உங்களிடம் சொல்வது சொல்வதில் சேராது. சுவரில் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் வருமா என்ன?

தங்கள் சம்பந்தி


டிசம்பர் 8

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சொல்ல மாட்டேன், கவலை வேண்டாம்.

நேற்று காலை பையன் போன் செய்தான். வழக்கமாக, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். நேற்று வைக்கவில்லை. வேலை போனது, அலைந்தது, ஏரியில் என்னென்ன பறவை வருகிறது, எல்லாம் பேசினான். அவனாகவே. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "பாவம்மா அவ, என்னை நம்பி வேலையையே விட்டுட்டா. எப்படியாவது இந்த வேலையை வாங்கிடணும்" என்றான்.

சம்பந்தி, வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஒரு தடவை இருமினேன். ஒரு தடவை அடுப்பில் பால் பொங்குகிறது என்றேன், வீட்டில் பாலே இல்லை. அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். வைத்தபின் வெகு நேரம் கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தேன். பக்கத்து வீட்டம்மா மாடியில் துணி காயப்போட வந்தார். இதுவரை அவரோடு நான் பேசியதில்லை. நேற்று என்னென்னவோ பேசினேன். அவருடைய மருமகளின் தம்பி கல்யாணம்வரை எனக்கு இப்போது தெரியும்.

முப்பது வருடமாக மருந்து கொடுக்கிறேன். யாருக்கு என்ன வியாதி என்று வெளியே மூச்சு விட்டதில்லை. அது பெரிய குணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த வியாதியெல்லாம் மற்றவர்களுடையது, அதனால் சுலபமாக இருந்தது.

பதினான்காம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அத்தனை நாள் நீங்கள் எப்படித்தான் இருந்தீர்களோ.

ராத்திரி கடை பூட்டியதும் போன் செய்யுங்கள். நீங்களே பேசுங்கள். நான் நடுவில் வைக்க மாட்டேன்.

உங்கள் சம்பந்தி